சட்டப்படி கப்பலேறியதும், சொல்லாமல் விட்டதும்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது எனக்கு இன்றைக்கும் குத்துமதிப்புதான். நான் படித்தது நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை. அதிலும் ஐந்தாம் வகுப்பில் பாதி நாள் மழை. அதற்குப் பிறகு கொழுந்துச் சாக்குத் தூக்கியே பழகிய கை இது. பேனாவுக்கு எடையே இல்லாததால் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்றுகூடத் தெரிவதில்லை. ஹட்டனில் பத்திரிகை நடத்தும் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டு, பிழையைத் திருத்திப் போடுங்கள்.

என்னை எழுதச் சொன்னது ரவி, என் மனைவி பாக்கியத்தின் அக்காள் மகன். "சித்தப்பா, இங்கே இளவட்டம் எல்லாம் வெளிநாடு போக வழி தேடுகிறார்கள். ஏஜென்சிக்குக் கொடுக்கக் காசு இல்லை. நீங்கள் அந்தக் காலத்தில் காசில்லாமல், சட்டப்படி போனவர். எப்படிப் போனீர்கள் என்று நம் பத்திரிகைக்கு எழுதுங்கள்" என்று கேட்டிருந்தான். நான் ஏதோ பெரிய ஆராய்ச்சி செய்து கப்பலேறியவன் என்று நினைத்திருக்கிறான்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றை எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றை இருபத்தைந்து வருடம் நான் யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக, பாக்கியத்திடம் சொல்லவில்லை.

இந்தத் தை மாதம் எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடம் நிறைந்தது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் நித்யா குன்னூரில் கேக் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இந்த நித்யா அம்மாவிடம் எங்கள் தமிழ் பேசுவாள், கடைக்காரரிடம் "ஏனுங்க" என்பாள், பள்ளித் தோழிகளிடம் படகர் பாஷை பேசுவாள், போனில் இங்கிலீஷ். என்னிடம் மட்டும் அதிகம் பேச மாட்டாள். அது என்னிடமிருந்து வந்தது. நீலகிரியில் கட்டபெட்டில் எங்கள் லைன் வீடுகளில் இருப்பவர்கள் எல்லாம் கேக் சாப்பிட வந்தார்கள். எப்படிங்க கல்யாணம் நடந்தது என்று யாரோ கேட்டார்கள். பாக்கியம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"இவரு என்னைய எங்கங்க கட்டினாரு? என் பாஸ்போர்ட்டத்தான் கட்டினாரு. நான் அதுக்குப் போட்டிருந்த உறை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டேன்.

2

எனக்கு ஏன் நாடே இல்லாமல் போனது என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் அரசாங்கம் இல்லை. என் அம்மா.

நம் தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் நாட்சம்பளம். பேர் பதிய வயது வேண்டும். எனக்கு வயது போதவில்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் துரையின் முன்னால் நிறுத்தி, மூன்று வயதைக் கூட்டிச் சொன்னார். குதிகாலைத் தூக்கி நில்லு என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். நான் விரல் நுனியில் நின்றேன். கணக்கப்பிள்ளை நிமிர்ந்தே பார்க்காமல் செக்ரோல் பேரேட்டில் எழுதிக்கொண்டார். தோட்டத்தில் பாதிப் பேர் இப்படி அவசரமாக வளர்ந்தவர்கள்தான்.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு ஒப்பந்தம் வந்தது. எங்களில் இத்தனை பேர் இலங்கைக்கு, இத்தனை பேர் இந்தியாவுக்கு என்று இரண்டு நாடுகளும் பிரித்துக்கொண்டன. அப்பா இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டார். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அப்பாவின் விண்ணப்பப் பாரத்திலேயே சேர்க்கலாம். அதற்கு மேல் என்றால் தனிப் பாரம். எனக்கு அப்போது பதினாறு. அப்பா என்னையும் சேர்த்து எழுதினார். அலுவலகத்தில் தோட்டத்துச் செக்ரோலை வாங்கிப் பார்த்தார்கள். அதில் பத்தொன்பது. சட்டப்படி என் பேரை அடித்துவிட்டார்கள். இது எங்களுக்குத் தெரியாது. வருடங்கள் கழித்துப் பாஸ்போர்ட் வந்தபோது அதில் அப்பா மட்டும் இருந்தார்.

அதற்குள் கலவரம் வந்து போயிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீடுகள் எரிந்தன. நாங்கள் பாத்திரம் பண்டத்தோடு தேயிலைக்குள் படுத்திருந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எழுந்து வந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "போதும்டா, போயிருவோம்." அப்பாவுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை, மறு கண்ணில் பாதிதான். இந்தியப் பாஸ்போர்ட்காரராகிவிட்ட அவருக்கு இலங்கையில் தங்கக் கொடுத்த விசா மாசி மாதத்தோடு முடிகிறது. அவர் போயே ஆக வேண்டும். என்னால் போக முடியாது.

யாரோ தோணியில் போகலாம் என்று யோசனை சொன்னார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இங்க இருக்கறப்பவே நம்மள கள்ளத்தோணின்னாங்க. திரும்பிப் போறப்பயாச்சும் நல்ல தோணியில போவோம்."

3

கண்டியில் இருந்த இந்திய ஆபீசுக்கு இருவரும் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார்.

"உங்களுக்கு எந்த நாடு?"

"தெரியாதுங்க ஐயா."

"பிறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப நீங்க எப்பப் பிறந்தீங்கன்னு எதைப் பார்த்து நம்பறது? பிறந்ததுக்கே ஆதாரம் இல்லையே."

அப்பா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இந்தா நிக்கிறானே ஐயா! இதுக்கு மேல என்னா ஆதாரம்?"

அவர் சிரித்துவிட்டு விளக்கினார். விண்ணப்பம் போட்டபோது எனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்று ஏதாவது பழைய எழுத்து காட்டினால் அப்பாவின் பைலிலேயே திரும்பச் சேர்க்கலாம். அது இல்லையென்றால், ஏற்கெனவே இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்த பெண் யாரையாவது கல்யாணம் செய்துகொண்டால் அந்தக் குடும்பத்தில் சேர்க்கலாம். இரண்டுக்கும் செலவு இல்லை. இரண்டும் சட்டப்படி.

வெளியே வந்ததும் அப்பா முடிவு செய்துவிட்டார். பழைய எழுத்தை எங்கே தேடுவது? பெண் என்றால் லயத்துக்கு லயம் இருக்கிறது.

அப்போது தோட்டங்களில் நடந்த பெண் பார்க்கும் முறை உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வெற்றிலைத் தட்டில் பாஸ்போர்ட்டை வைத்து நீட்டுவார்கள். அதைப் புரட்டிப் பார்த்து, காலக்கெடு, முத்திரை எல்லாம் சரியாக இருந்தால்தான் பெண்ணைக் கூப்பிடுவார்கள். அப்பாவுக்குக் கண் தெரியாததால் படிப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்பு அன்றைக்குத்தான் பயன்பட்டது.

முதல் வீட்டில் பாஸ்போர்ட் காலம் கடந்திருந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். இரண்டாவது வீட்டில் எல்லாமே சரியாக இருந்தது. பெண்ணும் நல்ல பெண். எனக்கு வியர்த்துவிட்டது. போட்டோவை உற்றுப் பார்த்தேன்.

"காது தெரியலப்பா."

"எந்தக் காது?"

"ரெண்டும். காது தெரியாத போட்டோன்னா இந்தியாவுல மண்டபம் கேம்புல எறக்கி விட மாட்டாங்க."

பெண்ணின் அப்பா பதறிவிட்டார். "பொண்ணுக்குக் காது இருக்குங்க! கூப்பிட்டுக் காட்டறேன்!"

அப்படி ஒரு சட்டம் உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெண் பிறகு நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டுப் பண்டாரவளையில் இருப்பதாகக் கேள்வி. அவர் இதைப் படித்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம், அப்பாவின் பட்டியலில் மூன்றாவது பெயர் பாக்கியம்.

மூன்று வருடமாக நான் கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குப் பிடிப்பவன். பாக்கியம் கூடையைக் கொண்டுவந்து கவிழ்ப்பவள். மூன்று வருடத்தில் நான் அவளிடம் பேசியது ஒரே ஒரு தடவை. "தள்ளி நில்லு" என்று. அதுவும் சாக்கு சரிந்ததால்.

அவளுக்கு அப்பா அம்மா இல்லை. லெச்சுமி அக்கா வீட்டில் இருந்தாள். பாஸ்போர்ட் வந்தும் போக மாட்டேன் என்று அரிசித் தகரத்துக்குள் போட்டு வைத்திருந்தாள். நாங்கள் போனபோது அவளே அதை எடுத்துத் தூசி தட்டித் தட்டில் போட்டாள்.

"பாஸ்போர்ட்ட பாக்க வந்தவங்க நல்லா பாத்துக்கங்க. பொண்ணு வராது."

அப்பாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. "நல்லா பேசுதுடா. இந்தியாவுல போயி பேசறதுக்கு நமக்கு ஆளு வேணும். நீ எங்க பேசப்போற?"

4

அதற்கு இரண்டு நாள் கழித்து, அப்பாவின் இருமலுக்கு மருந்து வாங்கத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். டிஸ்பென்சர் ஐயா விஷயத்தைக் கேட்டார். நான் அரைகுறையாகச் சொன்னேன். அவர் எழுந்து போய், அலமாரிக்கு மேலே இருந்த ஒரு புத்தகத்தைத் தூசி பறக்க இறக்கினார். குழந்தைகளுக்கு அம்மை குத்திய புத்தகம். பக்கம் பக்கமாக விரலை ஓட்டி ஒரு வரியில் நிறுத்தினார். என் பேர், அப்பாவின் பேர், வயது மூன்று மாதம், அம்மை குத்திய தேதி.

"எருமை, இதை ஏன் முன்னாலேயே வந்து கேக்கலை?"

அங்கேயே உட்கார்ந்து கண்டி ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. நான் தனி ஆளாக, யாரையும் தொந்தரவு செய்யாமல், அப்பாவோடு கப்பலேறலாம். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வழியில் பீலியடியில் பாக்கியம் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

"நில்லு. ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

நின்றேன்.

"எனக்குப் போக இஷ்டம் இல்லை. அக்கா இங்கதான் இருக்கு. அம்மாவயும் அப்பாவயும் பொதைச்சது இங்கதான். ஆனா நேத்து ஒங்கப்பா வந்து அழுதுட்டுப் போனாரு. கண்ணு தெரியாத மனுசன் ஒத்தையில கப்பல் ஏறணுமான்னு அக்காவும் அழுவுது. மறைக்காம சொல்லு. நீ போறதுக்கு வேற வழியே இல்லையா?"

சட்டைப்பையில் கடிதம் மொடமொடத்தது. அவளுக்குக் கேட்டிருக்குமோ என்று பயந்தேன்.

"இல்லை" என்றேன்.

என் வாழ்க்கையில் தடுமாறாமல், தரையைப் பார்க்காமல் ஒரு பெண்ணிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "சரி. அப்ப வர்றேன்."

5

தை மாதம் கல்யாணம். மாசியில் கோச்சி ஏறினோம். ஸ்டேஷனில் லெச்சுமி அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வண்டியோடு ஓடிவந்தது. பிளாட்பாரம் முடிகிற இடத்தில் கையை விட்டது. பாக்கியம் தலைமன்னார் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பா எல்லாருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டே வந்தார்.

கப்பலில், அந்தக் கடிதத்தைக் கடலில் போட்டுவிடலாம் என்று தனியாக ஓர் ஓரத்துக்குப் போனேன். போட்டேன். காற்று அதைத் திருப்பித் தளத்திலேயே போட்டது. ஓர் அதிகாரி குனிந்து எடுத்து, முத்திரையைப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். "ஆவணம் எல்லாம் பத்திரமா வச்சுக்கணும்ப்பா. போற இடத்துல கேப்பாங்க" என்றார். வாங்கி வைத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அது என் டிரங்குப் பெட்டியில், அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே கிடந்தது.

மண்டபம் முகாமில் என்ன தொழில் தெரியும் என்று கேட்டார்கள். தேயிலை என்றார் அப்பா. நீலகிரிக்கு எழுதிவிட்டார்கள். இங்கே வந்து பார்த்தால் அதே மலை, அதே குளிர், அதே செடி. இதற்கா இத்தனை பாரம் நிரப்பினோம் என்றார் அப்பா. எட்டு வருடம் இங்கே இருந்து கண்ணை மூடினார். நான் கட்டபெட்டில் ஒரு பேக்டரியில், பச்சை இலையை உலர்த்தும் மாடியில் வேலை பார்க்கிறேன். இலையோடு பேச வேண்டியதில்லை. எனக்குப் பொருத்தமான வேலை. பாக்கியம் கொழுந்துக்குப் போகிறாள். இன்னும் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்கிறாள். ஊர்க்காரர்களும் இப்போது எங்கள் லைனுக்கு வந்தால் கோச்சி என்கிறார்கள்.

போன மாசியில் லெச்சுமி அக்காவின் கடிதமும் ரவியின் கடிதமும் ஒரே உறையில் வந்தன. பாக்கியம்தான் சத்தமாகப் படித்தாள். மிச்சம் இருந்தவர்களுக்கு எல்லாம் அங்கேயே பிரஜாவுரிமை கொடுத்துவிட்டார்களாம். அக்காவுக்கும் கிடைத்துவிட்டதாம். "நீ அன்னைக்குப் போகாம இருந்திருந்தா இன்னைக்கு ஒனக்கும் கெடைச்சிருக்கும்டி. நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருந்திருக்கலாம்." அந்த வரியோடு நிறுத்திவிட்டாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, காயாத துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

அந்த அக்காவை அவள் இருபத்தைந்து வருடமாகப் பார்க்கவில்லை. ரவி வேறு எப்படிப் போனீர்கள் என்று கேட்கிறான். பத்திரிகைக்கு எழுதினால் பொய் எழுத வேண்டும். நிஜத்தை எழுதினால் அக்கா படித்துவிட்டு இவளுக்குச் சொல்லிவிடும். சொல்லாமல் விட்டால், பாஸ்போர்ட்டுக்காகக் கட்டினவன் என்று நினைத்துக்கொண்டே இவள் கிழவியாகிவிடுவாள். சொன்னாலோ, தேவையே இல்லாமல் அக்காவைப் பிரித்துவிட்டாயே என்பாள். ஒரு வாரம் உலர்த்தும் மாடியில் இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். இலை எல்லாம் வாடிவிட்டது. எனக்குத்தான் முடிவு வரவில்லை.

6

கடைசியில் ரேஷன் கடை வரிசையில் வைத்துச் சொல்வது என்று தீர்மானித்தேன். பத்துப் பேர் நிற்கும் இடத்தில் பாக்கியம் சத்தம் போட மாட்டாள் என்பது என் கணக்கு. இவ்வளவு காலம் கூட வாழ்ந்தவன் போடக்கூடிய கணக்கா இது?

பின்னால் நின்று, காதருகே மெதுவாகச் சொன்னேன். டிஸ்பென்சர் ஐயா, அம்மைப் புத்தகம், பீலியடி எல்லாம். பாக்கியம் திரும்பினாள்.

"எங்க அந்தக் கடுதாசி?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தாள். வரிசை நகர்ந்தது. நாங்கள் நகரவில்லை.

"பீலியில நான் கேட்டப்ப இது ஒன் பையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

கல்யாணத்துக்கு முன்னால் என்னை நீ என்பாள், பின்னால் நீங்க என்றாள். கோபம் வந்தால் மறுபடியும் நீ. அன்றைக்கு முழுக்க நீதான்.

"வேற வழியே இல்லைன்ன?"

"ஆமா."

"எங்கக்காவ விட்டுட்டு வந்தேனேடா!"

முழு வரிசையும் திரும்பியது. பின்னால் நின்ற படகர் அம்மா, "என்ன, இன்னொரு சம்சாரமா?" என்று கேட்டார்.

"அது இருந்தாக்கூடப் பரவாயில்லீங்க. இந்தாளு இந்தியாவுக்கு வர்றதுக்கு வழியில்லைன்னு சொல்லித்தான் என்னையக் கட்டினாரு. வழி பையிலயே இருந்திருக்கு!"

"அட, அது எதுக்குங்க?" என்றார் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த கோயம்புத்தூர்க் கடைக்காரர். ஊற்றுவதையும் நிறுத்திவிட்டார். "வழி இருந்தா வந்திருக்கலாமில்லீங்க?"

"அதத்தான் நானும் கேக்கறேன். எதுக்குடா அப்படிச் சொன்ன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியும்.

"ஏனுங்ண்ணா, அக்கா கேக்கறாங்கல்ல, சொல்லிப்போடுங்க. சர்க்கரை அப்பறம் வாங்கிக்கலாம்" என்றார் கடைக்காரர்.

நான் கார்டை நீட்டினேன். அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

7

எட்டு நாள் பாக்கியம் என்னோடு பேசவில்லை. சமைப்பாள். பிறகு கோயம்புத்தூருக்குப் போன் போட்டு நித்யாவிடம் ஏதோ சொல்லிவிட்டு, ரிசீவரை என் பக்கம் நீட்டுவாள். நித்யா அங்கேயிருந்து, "அப்பா, சோறு ஆறுதாம். ரசம் அடுப்பிலயே இருக்காம்" என்பாள். இரண்டாம் நாள், "நீங்க பண்ணது தப்புதாம்ப்பா" என்றாள். நான்காம் நாள், "ஆனா கேக்க நல்லாயிருக்கு" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் அதிகம் பேசியது அந்த வாரம்தான்.

ஒன்பதாம் நாள் பாக்கியமே பேசினாள்.

"எனக்கு பாஸ்போர்ட் எடுத்துக் குடு. அக்காவப் பாக்கப் போறேன்."

"நானும் வரட்டா?"

"வேணாம்."

பாரம் நிரப்பினேன். விசாரிக்க வந்த அதிகாரி, இலங்கைக்கு எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரரு ஒரு பொய் சொல்லிட்டாருங்க. அதச் சரி பண்ண" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, உறவினரைப் பார்க்க என்று எழுதிக்கொண்டார். டிக்கெட் நித்யா எடுத்துக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து விமானம். விசா முப்பது நாள்.

முப்பது நாளில் வந்துவிடுவாயா என்று நேற்றுக் கேட்டேன். பெட்டியில் சேலையை அடுக்கிக்கொண்டே, "பாக்கலாம்" என்றாள். எத்தனை சேலை வைக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தேன். நிறைய வைக்கிறாள்.

இந்தக் காகிதங்களைத் தபாலில் அனுப்ப வேண்டாம், தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே உங்களுக்கு முன்னால் அவள் இதைப் படித்துவிடுவாள். ரேஷன் கடையில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

பாக்கியம், அன்றைக்கு என் பையில் இருந்த வழி நான் மட்டும் போகிற வழி. நீ கூட வராத வழி. அதனால்தான் இல்லை என்றேன். உன் அக்காவை நினைத்தேனா என்றால், நினைக்கவில்லை. அது என் தப்பு.

ரவிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும்: காசில்லாமல் சட்டப்படி போக வழி கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியிலும் பழைய புத்தகம் இருக்கும், போய்ப் பாருங்கள். தன் சித்தி வந்திருக்கிறாள் என்று ரவி அவளை எல்லா லயத்துக்கும் கூட்டிக்கொண்டு போகட்டும். பீலியடிக்கும் போகட்டும். வேண்டிய மட்டும் அழட்டும். ஆனால் உங்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அங்கேயே தங்கிவிடுவதற்குச் சட்டப்படி ஏதாவது வழி இருந்தால், தயவுசெய்து அதை அவளுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

கருப்பையா,
கட்டபெட்டு.
20 ஜூன் 2004, ஞாயிற்றுக்கிழமை.